குரங்கு கட்டும் பந்தயம்

வரிசையாகச் சில படங்களைக் காட்டிவிட்டு, இன்னொரு படத்தை நீட்டி, 'இது அதில் இருந்ததா?' என்று குரங்கைச் சோதிக்கிறார்கள். பதிலளித்ததும் அது பந்தயம் கட்ட வேண்டும். பெரிய பந்தயம் என்றால், பதில் சரியானால் நிறையப் பரிசு, தவறினால் ஒன்றுமில்லை. சிறியதற்கு எப்படியும் கொஞ்சம் உண்டு. பதில் சரியாகும் வேளைகளைவிட, தவறாகும் வேளைகளில் குரங்கு சிறியதை அதிகம் நாடுகிறது. தேர்வு அறையில் எனக்கு ஒருநாளும் வராத நிதானம்!

2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மக்காக் குரங்குகளின் முன்மூளை மேற்புறத்தில் சிறு பகுதியை மருந்தால் சற்று நேரம் முடக்கிப் பார்த்தார்கள். படங்களை அடையாளம் காணும் திறன் குறையவில்லை. பந்தயம்தான் தடுமாறியது. நினைவு அப்படியே இருக்கிறது, அதை நம்பலாமா என்று எடைபோடும் தராசு மட்டும் பழுது! மறு ஆண்டு மூளையின் நெற்றிப்பக்க முனையை முடக்கியபோது, பார்த்திராத படங்களில் மட்டும் அந்தத் தராசு பிசகியது.