முப்பது டிகிரி கோடு

ஒன்பதாம் வகுப்புக்குப் பண்டைய நாகரிகங்கள் பாடம் தொடங்கும் நாளில் நான் பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. அட்லஸ், பென்சில், ஒரு முழம் நூல் போதும். உலக வரைபடத்தில் வட அட்சம் 30 டிகிரியைக் கண்டுபிடித்து, எகிப்திலிருந்து கிழக்கே விரலை நகர்த்தச் சொல்வேன். கெய்ரோ வரும். பிறகு ஈராக்கின் பஸ்ரா, அதையொட்டி பழைய சுமேரிய நகரங்கள் இருந்த பகுதி. அப்படியே போனால் ஹரப்பா. மொகஞ்சதாரோ மட்டும் 27 டிகிரிக்கு இறங்கி நிற்கும்.

அடுத்து மழைப்பொழிவு வரைபடம். சென்னையில் ஆண்டுக்கு 1,400 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது, பஸ்ராவில் 150 மி.மீ. தேறினால் பெரிது, கெய்ரோவில் 25தான். நிலநடுக்கோட்டில் மேலெழுந்த காற்று ஈரத்தை இழந்து இந்த அட்சங்களில்தான் கீழிறங்குகிறது. வறட்சிக்கு அதுவே காரணம்.

மழையில்லாத இடத்தில் விவசாயம் எப்படி நடந்தது? ஆறுகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் விடை கிடைக்கும். நைலின் வெள்ளம் எத்தியோப்பிய மேட்டுநிலத்தின் கோடை மழை. யூப்ரடீஸும் டைக்ரிஸும் துருக்கி மலைகளின் உருகிய பனியைக் கொண்டுவருகின்றன. சிந்து திபெத்தில் பிறந்து இமயத்தைக் கடந்து வருகிறது. தண்ணீரும் வண்டலும் வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்த நிலங்கள் இவை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அணைகள் வருவதற்கு முன் நைல் ஆகஸ்ட், செப்டம்பரில் பெருகி வடியும். ஈர வண்டலில் அப்படியே விதைக்கலாம். டைக்ரிஸும் யூப்ரடீஸும் பெருகியது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது வயலில் பார்லி முற்றி நிற்கும். வேண்டிய நேரத்தில் ஆற்றில் நீர் குறைவு, வேண்டாத நேரத்தில் வெள்ளம். அதனால்தான் சுமேரியர்கள் கரை கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், ஆண்டுதோறும் தூர் வாரினார்கள். அத்தனை பேரை வேலைக்குத் திரட்டிக் கூலியாகப் பார்லி அளந்து கொடுத்தவர்களுக்குக் கணக்கு எழுதி வைக்கவேண்டி வந்தது. களிமண் பலகைகளில் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் பெரும்பாலானவை கணக்குகளே. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அரசர் பட்டியல் பிறகு தானாக மனதில் நிற்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சீனாவை இந்தக் கோட்டுக்குள் இழுக்க மாட்டேன். மஞ்சளாற்றுச் சமவெளி 35 டிகிரியை ஒட்டியது, அங்கே கோடை மழை உண்டு. பொருந்தாததைப் பொருந்தவில்லை என்றே சொல்லிவிடுவது நல்லது.

நூல் எதற்கு என்றால், அளவுகோலுக்கு. ஊர் என்ற சுமேரிய நகரத்தின் அரச கல்லறைகளில் நீலநிற லாபிஸ் லசூலி கற்கள் கிடைத்தன. அவற்றின் பிறப்பிடம் ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலை. நூலை வைத்து அளந்தால் நேர்கோட்டிலேயே 2,400 கி.மீ. போல வரும். கல்லும் உலோகமும் நல்ல மரமும் இல்லாத வண்டல் நாடு, எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கியது. சிந்துவெளியின் சிவப்புக் கார்னீலியன் மணிகளும் அதே கல்லறைகளில் இருந்தன. அவை கடல்வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடலா என்று யாராவது கேட்டே ஆகவேண்டும். இன்றைய வரைபடத்தில் அந்த நகரம் வளைகுடாவிலிருந்து 150 கி.மீ.க்கும் அப்பால் பாலைவனத்தில் கிடக்கிறது. அன்று கடல் அதன் பக்கத்தில் இருந்தது. இடையில் உள்ள நிலம் பெரும்பாலும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல்.