ஆஸ்பத்திரி பில்: கையெழுத்துப் போடுவதற்கு முன்

வேலூரைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமே இல்லை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. அதை நம்பி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஜனங்கள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கே போனாலும் தனியார் நர்சிங் ஹோம். இத்தனை இருந்தும், அணைக்கட்டிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ ஒரு குடும்பம் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தால், ஒரே வாரத்தில் காதில் கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. அதில் நோய்க்கான செலவு ஒரு பங்கு. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதால் ஏறிய செலவு இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது பங்கைக் குறைக்க முடியும்.

முதலில் அறை. பில்லின் பெரும்பகுதி அட்மிஷன் கவுண்டரில், முதல் அரை மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. "ஜெனரல் வார்டு ஃபுல், ஷேரிங் ரூம்தான் இருக்கு, இல்லன்னா டீலக்ஸ்" என்பார்கள். அறை வாடகையில் ஆயிரம் ரெண்டாயிரம்தானே வித்தியாசம் என்று தலையாட்டி விடுகிறோம். ஆனால் பல தனியார் ஆஸ்பத்திரிகளில் சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், அனஸ்தீசியா, நர்சிங், டாக்டர் விசிட் எல்லாமே அறையின் தரத்தை ஒட்டித்தான் ஏறும். அதே ஆபரேஷன், அதே டாக்டர், அதே தியேட்டர். அறை மாறினால் கட்டணமும் மாறும்.

இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டை அடி. 3 லட்சம் பாலிசியில் அறை வாடகை வரம்பு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் எடுத்த அறை 6,000. ஐந்து நாளில் மொத்த பில் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்: அறை 30,000, சர்ஜன், தியேட்டர், நர்சிங், விசிட் சேர்ந்து 1 லட்சம், மருந்தும் டெஸ்டும் 70,000. கம்பெனி அறைக்கு 15,000 மட்டும் தரும். அதோடு நிற்காது. அறையோடு சேர்ந்து ஏறிய அந்த 1 லட்சத்திலும் பாதியை வெட்டிவிடும். மருந்து, டெஸ்ட், உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட், ஐ.சி.யூ. ஆகியவற்றில் இப்படி விகிதாசாரமாக வெட்டக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அதனால் 70,000 தப்பிக்கும். கடைசியில் கைக்கு வருவது 1,35,000, நாம் கட்டுவது 65,000. வாடகை வித்தியாசம் 15,000தான் என்று நினைத்தது 65,000 ஆக வந்து நிற்கும். பாலிசியில் 'ரூம் ரென்ட் லிமிட்' என்ற வரி இருக்கிறதா என்று வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நாளுக்கு 5,000க்கு மேல் போகும் அறைக்கு, ஐ.சி.யூ. தவிர, 2022 ஜூலையிலிருந்து 5 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் உண்டு.

வரம்புக்குள் அறை காலியில்லை என்றால், "காலியானதும் மாற்ற வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டையும் எழுத்தில்தான் வாங்க வேண்டும். "சுமாரா ஒண்ணரை ஆகும்" என்று வாயால் சொன்னது டிஸ்சார்ஜ் அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. பேக்கேஜ் என்றால் எத்தனை நாள், அதில் எது சேராது, நாள் கூடினால் தினசரி எவ்வளவு என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

அடுத்தது மருந்து. மனசைக் குமுற வைக்கும் இடம் இதுதான். 2018இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்து நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்தது. மருந்து, சிரிஞ்ச் போன்ற பொருட்கள், டெஸ்ட் மூன்றும் சேர்ந்து பில்லில் ஏறக்குறைய பாதி. சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை. அங்கே நடந்ததுதானே என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் வழி எல்லா ஊரிலும் ஒன்றுதான். எம்.ஆர்.பி.யைத் தாண்டி விற்றால் குற்றம், ஆனால் அந்த எம்.ஆர்.பி.யையே உயர்த்தி அச்சடித்தால் குற்றமில்லை. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கம்பெனி வைப்பதுதான் முதல் விலை, பிறகு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். மொத்தமாக வாங்கும் ஆஸ்பத்திரிக்கு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும், நோயாளிக்கு அச்சிட்ட விலைக்குப் போகும். கிளவுஸ், ஐ.வி. செட், த்ரீ-வே (குழாய்களை இணைக்கும் திருகு), கேனுலா (மருந்து ஏற்றக் கையில் குத்தி வைக்கும் சிறு குழாய்) எல்லாம் இப்படித்தான். சட்டப்படி எந்தத் தவறும் இல்லாத பில், வீட்டை மட்டும் காலி செய்துவிடும்.

கட்டில் பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. வார்டிலிருந்து பார்மசிக்குப் போகும் சீட்டை 'இன்டென்ட்' என்பார்கள். ஒவ்வொரு இன்டென்ட்டையும் செல்போனில் படம் பிடியுங்கள். பையில் வந்ததை எண்ணி, ஒரு நோட்டில் தேதி, மருந்து, எண்ணிக்கை என்று எழுதுங்கள். நாளுக்கு மூன்று வேளை ஊசி என்றால் மூன்று மருந்துக் குப்பிதான் செலவாக வேண்டும், நான்கு வந்தால் ஒன்று மிச்சம். மருந்தை நடுவில் மாற்றும்போது பழைய மருந்தின் மிச்சம் வார்டு டிராலியிலேயே தங்கிவிடும். டிஸ்சார்ஜுக்கு முன் "ரிட்டர்ன் போட்டாச்சா?" என்று நர்ஸிடம் கேளுங்கள். பிரிக்காத மருந்துக்கு பில்லில் கழிவு வர வேண்டும். பில்லின் வரிகளை உங்கள் நோட்டோடு ஒப்பிடும்போது பெயரைவிட பேட்ச் நம்பரைப் பாருங்கள். ஒரே பொருள் வார்டு பில்லில் ஒரு தடவை, தியேட்டர் பில்லில் ஒரு தடவை என்று ஏறியிருந்தால் அதில்தான் பிடிபடும்.

மருத்துவமாகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நோயாளி இட்லி சாப்பிடுகிறார், வாந்தி இல்லை, காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்படியும் பாரசிட்டமால் 100 மில்லி பாட்டிலில் ஓடுகிறது, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் காலையில் ஊசியாகப் போகிறது. இரண்டுக்கும் மாத்திரை உண்டு, விழுங்க முடிகிறவருக்கு அது போதும். ஆன்டிபயாட்டிக்குகளிலும் பலவற்றை இரண்டு மூன்று நாளில் மாத்திரைக்கு மாற்ற முடியும். சிலவற்றை மாற்றக் கூடாது, இதயவால்வுத் தொற்று, மூளைக்காய்ச்சல் போல. அதனால் சண்டையாக இல்லாமல் கேள்வியாக, ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரிடம் கேளுங்கள்: "சார், இதை மாத்திரையா மாத்தலாமா? இன்னும் எத்தனை நாள் வேணும்?" கேனுலாவை எடுத்துவிட்டால் கையில் வீக்கமும் தொற்றும் குறையும், செலவும் குறையும். தினமும் காலையில் ரத்தம் எடுத்தால், நேற்றைய ரிசல்ட்டால் சிகிச்சையில் என்ன மாறியது என்று கேட்பதும் நியாயம்தான்.

வெளியில் மருந்து வாங்கலாமா? தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வெளியிட்ட நோயாளி உரிமை சாசனத்தில், மருந்தையும் டெஸ்டையும் எங்கே பெறுவது என்று தேர்ந்தெடுப்பது ஓர் உரிமை. உள்ளேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தானே கட்டளை போடாமல் கொள்கை முடிவை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. ஆகவே ஐ.சி.யூ. ஊசியில் இந்த வாதம் எடுபடாமல் போகலாம். டிஸ்சார்ஜ் மருந்தில் யாரும் தடுக்க முடியாது. ஒரு மாத மருந்தையும் அங்கேயே கட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி, சீட்டில் பிராண்டுக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கி, முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பில் வைக்கும் வலைக்குழாய்), முழங்கால் மூட்டு மாற்று இம்ப்ளான்ட் இரண்டுக்கும் அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 என்று வரம்பு வந்தது. அதற்குப் பிறகு விலை திருத்தங்கள் வந்திருக்கின்றன, மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் இணையதளத்தில் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளலாம். பில்லில் ஸ்டென்ட்டின் பிராண்டும் பேட்ச் நம்பரும் விலையும் தனி வரியாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் ஸ்டிக்கரில் ஒன்று கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடு) ஒட்டப்படும், இன்னொன்றை உங்கள் ஃபைலுக்குக் கேளுங்கள். ஸ்டென்ட் விலை இறங்கிய அளவுக்குப் பல இடங்களில் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பை பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பது) பேக்கேஜ் இறங்கவில்லை. பலூன், கைடு வயர், கத்தீட்டர் பக்கம் சுமை நகர்ந்துகொண்டது. அதனால் அவற்றின் காலி கவர்களையும் காட்டச் சொல்லுங்கள். பழைய பலூனைக் கழுவிப் போட்டுவிட்டுப் புதுசுக்கு விலை வாங்கினால் அது பண மோசடி மட்டுமில்லை, ரத்தத்தில் தொற்றுக்கும் வழி.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸ் மையத்தில் பதிவு. வேலூர்க்காரர்களுக்குச் சத்துவாச்சாரி. 2019இல் பிரிந்த ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் அவரவர் கலெக்டர் ஆபீஸ். ஜனங்கள் ஏமாறுவது ஒரு விஷயத்தில்: இந்தத் திட்டத்தின் அட்டையைக் காட்டி "கார்டு எடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்கிறார்கள். ஓர் ஆஸ்பத்திரிக்கு எலும்புக்கு அனுமதி இருக்கும், இதயத்துக்கு இருக்காது. "இந்த ஆபரேஷனுக்கு, இந்த ஆஸ்பத்திரியில் உண்டா?" என்று கேட்க வேண்டும். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேலே பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், பிறகு திட்டத்தின் உதவி எண் 1800 425 3993க்குக் கூப்பிடுங்கள். ரசீது என்றதும் பாதி இடத்தில் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் சம்பளம் 21,000க்குள் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்க வேண்டும். மாதாமாதம் பிடித்தம் போகிறதா என்று சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டும். பெங்களூர் ஹைவே விபத்துகளுக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும், கார்டு இல்லாமலே பார்ப்பார்கள். டெபாசிட் கட்டும்வரை அவசரக் கேஸைத் தொட மாட்டோம் என்று சொல்ல அரசு, தனியார் யாருக்கும் உரிமையில்லை. 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

தரத்தைப் பற்றி. மார்பிளும் ஏ.சி.யும் தரமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் வருகிற ட்யூட்டி டாக்டர் எந்தப் பட்டம் பெற்றவர், எத்தனை நிமிஷத்தில் வருவார்? வென்டிலேட்டர் கேஸுக்கு ஒரு நர்ஸ் என்பது முறை, மூன்று கேஸுக்கு ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்து. எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணிக்கொருதரம் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? முதுகிலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பிக்கும். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்போது கை கழுவுகிறார்களா? கன்சல்டன்ட் மூன்று ஆஸ்பத்திரிக்கு ஓடுபவராக இருந்தால் வராத நாளுக்கும் விசிட் சார்ஜ் ஏறியிருக்கலாம். கேஸ் ஷீட்டில் அந்தத் தேதியில் அவர் குறிப்பு இருக்க வேண்டும். ஐ.சி.யூ.வில் ஆக்சிஜனுக்கு மணிக்கணக்கில் போட்டிருந்தால், நிறுத்திய நேரம் நர்ஸ் சார்ட்டில் எழுதியிருக்கும். அதோடு ஒப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று இன்ஷூரன்ஸ் ஒப்புதலுக்காகச் சாயங்காலம்வரை உட்கார வைப்பார்கள். ஆஸ்பத்திரி கேட்டு மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே உத்தரவு. தாமதத்தால் ஏறும் கூடுதல் கட்டணம் கம்பெனி தலையில். கோப்பு எத்தனை மணிக்குப் போனது என்று டெஸ்க்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பில்லில் சந்தேகம் என்றால் வரிவாரியான பில் கேட்டு, பில்லிங் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். சரியாகவில்லை என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனு. தனியார் மருத்துவமனைப் பதிவு அவர் அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இலேயே உறுதியாகிவிட்டது. வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம், ஆஸ்பத்திரிக்கு 5 லட்சம் வரை கட்டியிருந்தால் மனுக் கட்டணம் இல்லை. எதற்கும் கேஸ் ஷீட் நகல் தேவை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், ஆனால் மூன்று வருடம்தான் வைத்திருக்கக் கட்டாயம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆன வாரமே, நோயாளி பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரும் போட்டு ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.