தலைமாடு கால்மாடு

“ஒரே பாயில தலைமாடு கால்மாடா படுத்திருக்குங்க அண்ணே” என்றாள், என்னோடு ஆய்வில் இருந்தவள். சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரிக்கை ஓரம் தள்ளி, மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். லயத்து வீட்டில் நானும் தம்பியும் அப்படித்தான் படுப்போம், அவன் கால் என் மூக்கில். சிரித்துவிட்டேன்.

திரையில் இரண்டு சாய மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையில் எலெக்ட்ரானைத் தள்ளும் டைமெத்தில்அமினோ, மறுமுனையில் இழுக்கும் நைட்ரோ. தனியாக இருந்தால் பீட்டா ஜோராக வரும், அதாவது வாங்கிய ஒளியை இரட்டை அதிர்வெண்ணில் திருப்பித் தரும் திறன். ஜோடியாக்கி அதன்பாட்டில் தளரவிட்டதும் ஒன்று தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. பீட்டா சைபர்.

பிழையல்ல. மையச் சமச்சீர் வந்தால் ஒன்றை மற்றது அடித்துவிடும். தெரிந்துதான் சொன்னேன்: “ஒன்னு பின்னால ஒன்னா, ஒரே நேர்கோட்டுல வச்சு நகராம பூட்டிடு.” தனி மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. அறிக்கைக்கு அதுதான் போனது.

“அப்ப, நிலையா நிக்கிறது மத்த ஜோடிதான்னு நான் எழுதின வரி?”

“அப்புறம் பார்த்துக்கலாம்மா.”

பொய் எழுதவில்லையே. சாயத்தைப் பாலிமரில் கலந்து, சூடாக்கி, மின்புலம் கொடுத்து ஆறவிட்டால் மூலக்கூறுகள் ஓரளவு ஒரே பக்கம் பார்த்து உறையும். ஆனால் சாயத்தைக் கூட்டக் கூட்ட அவை ஒன்றையொன்று இழுத்துத் தலைமாடு கால்மாடாகவே சரியப் பார்க்கும். இந்தத் துறையின் பழைய தலைவலி. அவளுடைய வரி அதைத்தான் சொன்னது.

இன்னொன்றில் கறாராக இருந்தேன். பி3லிப் என்ற கணக்கீட்டு முறை இத்தகைய மூலக்கூறுகளில் பீட்டாவை ஊதிக் காட்டும் என்று, அதன் திருத்திய வடிவமான காம்-பி3லிப்பில் மறுபடி ஓட்டினேன், மூன்று இரவு. எண் இறங்கியது. இறங்கியதைத்தான் எழுதினேன். இதை இப்போது எதற்குச் சொல்கிறேன், யார் கேட்டார்கள்?

1961-இல் பிராங்கன் குழு 694 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒளியைக் குவார்ட்ஸுக்குள் செலுத்தி, அலைநீளம் பாதியான 347-ஐ, அதாவது இரட்டை அதிர்வெண்ணை, எடுத்தது. அதற்குச் சான்றாகப் படத்தில் விழுந்த சின்னப் புள்ளியைத் தூசி என்று நினைத்து இதழ்க்காரர்கள் அச்சுக்கு முன் அழித்துவிட்டார்களாம். வகுப்பில் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தவளிடம், அந்தப் பழைய ஃபைல் இருக்கிறதா என்று கேட்டேன்.

“எந்த ஃபைல் அண்ணே?” என்றாள். மறந்தேதான் போனாளோ, எனக்காக மறந்தாளோ.