அமுச்சியோடு ஒரு சோலை நடை

என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் (மாடு மேய்கிற வறண்ட மேய்ச்சல் நிலம்) பிறந்து வளர்ந்தவர். அங்கே நிழல் என்றால் வெள்வேல மரத்து நிழல், இல்லாவிட்டால் வாசல் வேம்பு. 68 வயதில் அவர் "பெரிய காட்டுக்குள்ள ஒருக்கா நடந்து பாக்கோணும் கண்ணு" என்று சொன்னதும் எனக்கு ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கிற டாப்ஸ்லிப்தான் நினைவுக்கு வந்தது. வெள்ளியங்கிரி ஏற அவர் முழங்கால் இடம் கொடுக்காது. கூட என் மகள் வேறு, 7 வயது. ஏற்றம் குறைவாக, வெயில் படாமல், வந்த வழியே திரும்பாமல் சுற்றி வருகிற பாதையாக இருந்தால் போதும்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை விடிகாலை பொள்ளாச்சியிலிருந்து கிளம்பினோம். 35 கி.மீ. இருக்கும். சேத்துமடை சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்தார்கள். புளிசோற்றை வாழையிலையில் கட்டி, சில்வர் தூக்கில் வைத்திருந்ததால் சிக்கலில்லை.

இது ஆனைமலை புலிகள் காப்பகம். வனத்துறை வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் ஓர் அடிகூட வைக்கக்கூடாது. எங்களோடு வந்தவர் மலசர் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அண்ணன். "சத்தம் போடாம, வரிசையா, என் பின்னாலயே வாங்க" என்றார். அமுச்சிக்கு ஒரு மூங்கில் தடியை எடுத்துக் கொடுத்தார்.

முதலில் தேக்கங்காடு. காலடியில் முறம் அகலச் சருகுகள் நொறுங்குகின்றன. மகள் ஓர் இலையைத் தூக்கிக் காட்டினாள். புழு பச்சையை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை அப்படியே விட்டிருந்தது. கொசுவலைத் துணி மாதிரி. அதன் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அடிமரத்தில் துளிர்த்திருந்த ஓர் இளந்தளிரை அண்ணன் விரலில் நசுக்கிக் காட்ட, இரத்தம் போலச் சிவந்தது.

அப்புறம் கரியன் சோலை. பத்தடி உள்ளே போனதுமே காற்று குளிர்ந்துவிட்டது. பெரிய மரம், அதன் கீழே சின்ன மரம், அதற்கும் கீழே பிரம்பு, பெரணி என்று நிழலுக்குள் நிழல். பலகை போல விரிந்த வேர்களுக்கு நடுவே மண் மெத்தென்று ஈரமாக இருந்தது. அமுச்சி நின்று அண்ணாந்து பார்த்தார். "தேக்கு நெழலு ஓட்டை ஓட்டையா விழுந்துச்சு. இது கெட்டியா இருக்குது பாரு" என்றார். நான் படித்த எந்தக் காட்டியல் விளக்கமும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. தேக்கு கோடையில் இலையை உதிர்த்துவிடும். சோலை ஆண்டு முழுக்கப் பச்சை.

மேலே மலை அணில் ஒன்று காயைக் கடித்துக் கடித்துப் போட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் 'வ்வூஷ், வ்வூஷ்' என்று ஒரு சத்தம். "யாரோ வானத்துல மொறத்துல பொடைக்கிறாங்களா?" என்றார் அமுச்சி. இருவாச்சி! இறக்கைச் சத்தம்தான் முதலில் வந்தது, பறவை அப்புறம்தான் கண்ணில் பட்டது.

மார்கழியிலும் அட்டை ஒன்றிரண்டு இருந்தது. அண்ணன் ஒரு குச்சி நுனியில் கல்லுப்பை நனைத்த துணியில் முடிந்து வைத்திருந்தார். அதைக் கொண்டு தொட்டதும் மகளின் காலிலிருந்து சுருண்டு விழுந்தது. பிய்த்து இழுக்கக் கூடாது, அப்புறம் நாள் முழுக்க அரிக்கும்.

மூங்கில் புதர் வழியாக மறுபக்கம் வெளியே வந்தபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. புல்வெளியில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கையிலிருந்த இலையை, காட்டுப் பொருளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொன்னதும், மகள் ஒரு தேக்கின் அடியிலேயே வைத்துவிட்டாள்.

பக்கத்தில் ஹியூகோ வுட் கல்லறைக்கும் போனோம். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலுக்கும் ரயில் கட்டைக்கும் இங்கே தேக்கை வெட்டி, மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டார்கள். ஊருக்கு டாப்ஸ்லிப் என்ற பெயரே அதனால் வந்தது. வெட்டி வெறுமையாகிப்போன இடத்தில் மறுபடி தேக்கை வளர்த்தவர் இந்த வன அதிகாரி. சட்டைப் பையில் விதையோடு நடந்து, கைத்தடியால் குழி போட்டு ஊன்றுவார் என்று இன்றும் சொல்கிறார்கள். 1933-ல் இறந்தவரை, அவர் விருப்பப்படியே தேக்குகளுக்கு நடுவில் புதைத்திருக்கிறார்கள். கல்லில் இலத்தீனில் எழுதியிருப்பது, "என் நினைவுச்சின்னம் வேண்டுமென்றால் சுற்றிப் பார்" என்று பொருள்படும். அமுச்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை நல்ல காலம். கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் நடையை நிறுத்திவிடுவார்கள், அதனால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பளிச்சென்ற சட்டையும் சென்ட்டும் வேண்டாம். முழங்கால் வரை காலுறை அவசியம். பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்தும் உண்டு, ஆனால் ஒன்றிரண்டுதான்.

மறுநாள் காலை முழங்கால் எப்படி இருக்கிறது என்று அமுச்சியிடம் கேட்டேன். "வலிக்குது சாமி, அது கெடக்கட்டும். அடுத்த தடவ உங்க சின்னம்மாளையும் கூட்டிக்கிட்டுப் போலாம்" என்றார். அந்த மூங்கில் தடியை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அடுத்த முறைக்கு வேறொன்று தேட வேண்டும்.