அமுக்கியது யார்?

"தம்பி, நான் எதையும் தொடவே இல்ல. ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?"

தம்புச் செட்டித் தெருவில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கும் அக்கா கேட்டது இவ்வளவுதான். 2014. நான் அப்போது ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் இருந்தேன். "இருக்கும்க்கா. நெட்ல எதையாவது கிளிக் பண்ணியிருப்பீங்க" என்றேன். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

பிரவுசரைத் திறந்தால் கூகுளுக்குப் பதில் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம், மேலே ஒரு டூல்பார். ஐகோர்ட்டில் அன்றைக்கு வரும் வழக்குகளின் பட்டியலான காஸ் லிஸ்ட் பார்க்கப் போனால் பரிசு விழுந்திருப்பதாக ஒரு விளம்பரம் மினுக்கும். ஹோம் பேஜை மாற்றினேன். திறந்தால் மறுபடி அதே பக்கம். அப்புறம்தான் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸைப் பார்த்தேன். 'டார்கெட்' கட்டத்தில் குரோமின் பெயர் முடிந்த பிறகு, ஓர் இடைவெளி விட்டு, அந்தத் தளத்தின் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரன் எவனோ! அதை அழித்துவிட்டு, டூல்பாரை நீக்க கண்ட்ரோல் பேனலைத் திறந்து புரோகிராம்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். டூல்பாரும் பிடிஎஃப் கன்வர்ட்டரும் ஒரே தேதியில் வந்திருந்தன.

மூன்று வாரம் முன்பு அந்தக் கன்வர்ட்டரைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போயிருப்பேன். நடுவில் ஒரு திரையில் டூல்பாரும் வேண்டும் என்ற டிக்கை அவர்களே போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் டூல்பார்காரன் காசு தருவான், கன்வர்ட்டர் இலவசமாகக் கிடைப்பது அதனால்தான். இது தெரியாதவனா நான்? ஜாவா மாதிரி பெரிய கம்பெனி சாஃப்ட்வேரே ஆஸ்க் என்ற டூல்பாருக்கு டிக் போட்டு வந்த காலம் அது. ஆனால் கவுன்ட்டரில் ஆறு பேர் நிற்கும்போது யார் படிப்பது?

300 ரூபாய் பில். அது கடை ரேட், நான் போட்டதில்லை. ஒரு மணி நேரம் வேலையும் பார்த்தேன். அக்கா மேசை டிராயரைத் திறந்து பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்தார். பக்கத்துக்குப் பத்து ரூபாய் வாங்குபவர். முப்பது பக்கம் பெட்டிஷன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் முதலாளி என் சம்பளத்தில் பிடித்திருப்பார். சரி, பிடித்திருக்கட்டுமே என்று இப்போது சொல்வது சுலபம். பணம்கூடப் பெரிதில்லை. பார்க்கும் தளங்களையும் தேடும் சொற்களையும் சேகரிப்போம் என்று அந்த டூல்பாரின் நிபந்தனைகளில் எழுதியிருந்தது, கழற்றும்போதுதான் படித்தேன். எதிர்மனுதாரர் கம்பெனி முகவரி, யாரோ ஒருவரின் ஊர் பின்கோடு, எல்லாவற்றையும் அக்கா அந்தத் தேடல் கட்டத்தில்தான் மூன்று வாரம் தேடியிருக்கிறார். அத்தனை பேருக்கும் சேர்த்து 'ஒப்புக்கொள்கிறேன்' அமுக்கியது நான்.

கிளம்பும்போது ஓர் இலவச ஆன்டிவைரஸையும் போட்டுவிட்டு வந்தேன், பெரிய உபகாரம் போல. 2020 ஜனவரியில் அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனியின் விவகாரம் வெளியானது. மக்களின் பிரவுசிங் விவரங்களை அவர்களுடைய ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் விற்றுவந்திருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் அதற்கு 1.65 கோடி டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அக்காவுக்கு நான் போட்டது வேறு கம்பெனியுடையது. அதன் நிபந்தனைகளையும் நான் படிக்கவில்லை.

இப்போதெல்லாம் எதை இன்ஸ்டால் செய்தாலும் 'கஸ்டம்' போட்டு ஒவ்வொரு டிக்காகப் பார்க்கிறேன். லேட் பண்றான் என்று பெயர்.

அக்காவோ அன்றிலிருந்து திரையில் எந்தப் பெட்டி வந்தாலும் எனக்குப் போன் செய்கிறார். போன வாரமும் செய்தார். "தம்பி, பிரிண்டர்ல பேப்பர் இல்லன்னு வருது. ஓகே குடுக்கலாமா?"

"குடுங்கக்கா" என்றேன்.