ஜப்பான் தின்பண்டம்: பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குவோம்

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடிவருகிறவர்களுக்குப் பருப்பும் புளியும் பெரிய கவலை இல்லை. இந்தியக் கடைகள் இருக்கின்றன. கால் தயங்கி நிற்பது ஜப்பான் சூப்பர் மார்க்கெட்டின் தின்பண்ட வரிசையில்தான். எதில் மீன், எதில் பன்றி என்று தெரியாமல், பல சைவக் குடும்பங்கள் பிஸ்கட்டும் உப்பு சிப்ஸுமாக வருடக்கணக்கில் ஓட்டிவிடுகின்றன. நம் நாக்குக்கு மிக நெருக்கமான பண்டங்கள் இங்கே குவிந்து கிடக்கும்போது இது தேவையில்லாத பட்டினி.

பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை நம்ப வேண்டாம். சோளப் படம் போட்ட பண்டத்தில் கோழிச்சாறு இருக்கலாம். பின்பக்கம் சிறிய கட்டத்தில் 'கென்ஸாய்ர்யோ' என்ற தலைப்பில் சேர்மானங்கள் வரும், எடை அதிகமானது முதலில். நடுவில் ஒரு சாய்வுக் கோடு இருக்கும். அதற்குப் பிறகு வருபவை நிறமி, மணமூட்டி போன்ற கூட்டுப்பொருள்கள். கடைசியில் பெரும்பாலும் ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல் வரும். முதலில் படிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான்.

முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, பக்வீட், வேர்க்கடலை, வால்நட் முதலிய பொருள்களைக் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம். இவற்றோடு இன்னும் 20 பொருள்களையும் குறிப்பிடும்படி அரசு பரிந்துரைக்கிறது. மாட்டிறைச்சி, பன்றி, கோழி, ஜெலட்டின் எல்லாம் இந்த இருபதுக்குள் வருகின்றன. ஒவ்வாமைக்காக எழுதப்பட்ட வரி சைவர்களுக்கும் வழிகாட்டியாகிவிடுகிறது. ஆனால் பரிந்துரை என்றால் கட்டாயம் இல்லை. ஆகவே அந்த வரி சுத்தமாக இருந்தாலும் மேலே ஏறி முழுப் பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

ஏமாற்றுவது மீன். சால்மனும் கானாங்கெளுத்தியும்தான் அந்த இருபதில் இருக்கின்றன. ஜப்பான் சமையலின் அடித்தளமான கட்சுவோ இல்லை. கட்சுவோ என்பது சூரை மீன், நம் மாசிக் கருவாடு போல உலர்த்திப் பயன்படுத்துவது. சோயா சாஸ் தடவிய அரிசி அப்பளம், காக்கி நோ தானே என்ற காரமான சிறு அரிசிப் பண்டம் இரண்டிலும் பல கம்பெனிகள் இதன் சாறைச் சேர்க்கின்றன. ஒவ்வாமை வரியில் 'கோதுமை, சோயா' மட்டும் இருப்பதைப் பார்த்து வாங்கிவிடுவோம். மீன் மேலே சேர்மானத்தில் உட்கார்ந்திருக்கும்.

கைபேசியின் மொழிபெயர்ப்பு கேமரா இதற்கு உதவும். ஆனால் பளபளக்கும் பாக்கெட்டில், வளைந்த மடிப்பில் அது தடுமாறும். கென்ஸாய்ர்யோ கட்டத்தை விரலால் இழுத்துத் தட்டையாக்கி, வெளிச்சம் நேராக விழாத கோணத்தில் படம் எடுத்து, அந்தப் படத்தை மொழிபெயர்த்தால் தவறு குறையும். அதைவிட நல்லது, 'புத்தா' (பன்றி), 'கியூ' (மாடு), 'தோரி' (கோழி), 'சக்கானா' (மீன்), 'ஸெராச்சின்' (ஜெலட்டின்) ஆகியவற்றின் எழுத்து வடிவங்களை ஒரு படமாகச் சேமித்து வைத்து ஒப்பிடுவது. இரண்டு வாரத்தில் கண் தானாகப் பிடித்துவிடும். ஒரு சிக்கல்: 'கியூ' எழுத்து பசும்பால் என்ற சொல்லிலும் வரும். தனியாக நிற்கிறதா, பக்கத்தில் பாலைக் குறிக்கும் எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உருளைக்கிழங்கு சிப்ஸில் கால்பீயின் 'உசுஷியோ', அதாவது மெல்லுப்பு, பாதுகாப்பான தொடக்கம். அதில் சுவைக்குச் சேர்ப்பது கொம்பு என்ற கடல்பாசியின் சாறு. 'கொன்சொமே' என்று எழுதியிருந்தால் அது இறைச்சி சூப் சுவை. அரிசி அப்பளத்தில் 'சலாட்' என்று இருந்தால் காய்கறி என்று எண்ண வேண்டாம். சலாட் எண்ணெய் தெளித்து உப்புத் தூவியது என்றுதான் பொருள். மீன்சாறு இல்லாத அப்பளம் தேடுகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இந்த வகையைத்தான்.

அப்பளங்களிலும் சாதி பிரித்துப் பார்க்கலாம். செம்பேய் சாதாரண அரிசியில் செய்வது, கடித்தால் முறியும். அராரே, ஒகாக்கி இரண்டும் ஒட்டும் பச்சரிசியில் செய்து பொரிப்பது அல்லது சுடுவது, வாயில் பொரபொரவென்று உதிரும். இந்தப் பாக்கெட்டுகளுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலம் இருக்கும். அது சிலிக்கா மணியாக மட்டும் இருக்காது. சிலவற்றில் நீற்றாத சுண்ணாம்பு இருக்கும். தண்ணீர் பட்டால் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். வீட்டில் குழந்தை இருந்தால் பாக்கெட்டைத் திறந்ததும் அதை எடுத்து, குழந்தைக்கு எட்டாத, ஈரமில்லாத குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

மிட்டாயில் பெரிய தடை ஜெலட்டின். கம்மி மிட்டாய் பெரும்பாலும் அதில்தான் நிற்கிறது. மெல்லும் வகையான ஹைச்சூவிலும், மார்ஷ்மெல்லோ அடைத்த எல்லாவற்றிலும் அது உண்டு. சிவப்பு, ரோஜா நிறங்களில் 'கோச்சினீரு' என்று கண்டால் அது பூச்சியிலிருந்து எடுத்த சாயம்.

ஆனால் தடையைத் தாண்டினால் நல்லது நிறைய இருக்கிறது. மொரினாகாவின் ராமுனே மாத்திரைகளில் 90 சதவீதம் குளுக்கோஸ். நாக்கில் வைத்ததும் குளிர்ந்து கரையும். கொம்பேய்தோ வெறும் சர்க்கரை, முள்முள்ளாக, போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. ககோஷிமாவின் போன்தான் அமே அரிசிப் பசையில் செய்த பம்பளிமாஸ் வாசனை மிட்டாய். அதன் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளைப் பிரிக்க நகத்தால் சுரண்டாதீர்கள். அது மாவில் செய்த தாள், வாயிலேயே கரைந்துவிடும். கொன்யாகு ஜெல்லி கிழங்கு மாவில் செய்வது, ஆனால் கடிக்காமல் உறிஞ்சினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சிறு குழந்தைக்கும் முதியவருக்கும் கொடுக்கக் கூடாது என்று பாக்கெட்டிலேயே எச்சரிக்கை இருக்கும்.

பிள்ளைகள் கேட்கிற இன்னொன்று, தண்ணீர் ஊற்றிக் கலக்கும் நெரு நெரு நெரூனே. தட்டின் மூலையிலுள்ள முக்கோணத்தை முறித்தால் அதுதான் அளவுக் கிண்ணம். முதல் தூளோடு ஒரு கிண்ணம் தண்ணீர் சேர்த்துக் கலக்க வேண்டும். திராட்சை வகையில் நீலம் வரும். இரண்டாம் தூளைப் போட்டதும் ஊதாவாகி நுரைத்துப் பொங்கும். சங்குப்பூத் தேநீரில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுகிற அதே வேலைதான். புளிப்பும் சோடாவும் சேர்வதால் நுரை. தண்ணீர் கூடிப்போனால் நுரை நிற்காது, கூழாக ஓடும். நுரையைப் பிடித்து வைப்பது முட்டை வெள்ளைக்கருத் தூள் என்பதை முட்டை சேர்க்காதவர்கள் கவனிக்க வேண்டும்.

சைவர்களுக்கு உண்மையான சொர்க்கம் பழைய இனிப்புகள். யோகன் என்பது சிவப்புக் காராமணி போன்ற அசுக்கி பயறு, சர்க்கரை, கான்டென் மூன்றும்தான். கான்டென் நாம் சைனா கிராஸ் என்று வாங்கும் அதே கடல்பாசி. கரிந்தோவைக் கண்ணை மூடிக் கடித்தால் கருப்பட்டிச் சேவு நினைவுக்கு வரும். அசாகுசாவில் கமினாரிமோன் வாசலருகே விற்கும் ஓகோஷி, பாகில் பிடித்த அரிசிப் பொரி, நம் பொரி உருண்டைக்குச் சதுர வடிவத் தம்பி. கினாகோ வறுத்த சோயா மாவு. பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் தின்று வளர்ந்தவர்களுக்கு அது புதிதே இல்லை.

டைஃபுகு மோச்சியை, அதாவது பயறு இனிப்பு அடைத்த ஒட்டரிசி மாவு உருண்டையை, மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மாவு இறுகி, மறுநாள் ரப்பர் துண்டாகிவிடும். வாங்கிய அன்றே தின்ன முடியாவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃப்ரீஸரில் வைத்து, அறை வெப்பத்தில் உருகவிடுங்கள். கடைக்காரர் அன்றன்று செய்யும் இனிப்பில் 'ஷோஹி கிகென்' என்று தேதி இருக்கும். அதைத் தாண்டினால் தின்னக் கூடாது. சிப்ஸ், பிஸ்கட்டில் இருக்கும் 'ஷோமி கிகென்' சுவை குறையாத காலம் மட்டுமே. தேதி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வரும். 26.03.05 என்றால் 2026 மார்ச் 5.

டகாஷி எனப்படும் மலிவான சிறுவர் தின்பண்ட வகையில், உமாய்போ என்ற சோளப் பொரிக் குச்சி 1979 முதல் 10 யென்னுக்கு விற்றது. 2022 ஏப்ரலில் 12, 2024 அக்டோபரில் 15 யென் ஆனது. ஒவ்வொரு சுவைக்கும் மசாலா வேறு. ஒன்றைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளக் கூடாது. பள்ளிச் சுற்றுலாவுக்குத் தின்பண்டம் 300 யென்னுக்குள் என்பது போல வரம்பு சொல்லும் பள்ளிகள் உண்டு. அப்போது இந்த அலமாரிதான் கைகொடுக்கும். கன்வீனியன்ஸ் ஸ்டோரைவிட மருந்துக்கடைச் சங்கிலிகளில் பெரும்பாலும் விலை குறைவு.

வசந்த காலத்தில் சகுரா மோச்சி வரும். டோக்கியோ பக்கம் மெல்லிய கோதுமை உறை, ஒசாகா பக்கம் பருக்கை தெரியும் ஒட்டரிசி. உப்பில் ஊறிய செர்ரி இலையோடு சேர்த்தே கடிக்கலாம், அந்த உப்புதான் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிறது. மே 5-ஐ ஒட்டி வரும் கஷிவா மோச்சியின் இலையை உரித்துப் போட்டுவிட வேண்டும். ஓலைக் கொழுக்கட்டையின் ஓலை மாதிரி, அது வாசனைக்கு மட்டும்.