சிறுமலைத் தோட்டத்துக்குக் கனமான டிராக்டர்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் என் ஈசூன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, சிறுமலையிலிருந்து அண்ணன் ஒரு படம் அனுப்பினார். எங்கள் தோட்டத்துப் பலாமரம் ஒன்றில் இடுப்பளவு உயரத்தில் பட்டை உரிந்து பால் வடிந்துகொண்டிருந்தது. அந்தக் காயத்தின் நடுவே டிராக்டர் மட்கார்டின் சிவப்புப் பூச்சு அப்பியிருந்தது. மேல் காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வண்டி வழுக்கி, அந்த மரத்தில் மோதி நின்றிருக்கிறது. மரத்துக்கு அப்பால் ஆளுயரக் கல்கட்டும் அதற்குக் கீழே அடுத்த படிவயலும் இருக்கின்றன. வண்டியை ஓட்டியவர் அண்ணன்தான். அவருக்கு ஒரு கீறலும் இல்லை என்று அவர் குரலைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகும், அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் மலை அது. குதிரைகள் மீது சுமை ஏற்றித் தோட்டத்திலிருந்து சாலைக்குக் கொண்டுவரும் வழக்கம் அங்கே உண்டு. எங்கள் அப்பாவும் அப்படித்தான் தாரும் எலுமிச்சையும் இறக்கினார். குதிரை ஓட்டுபவர்கள் குறைந்த பிறகே, 35 குதிரைத்திறன் கொண்ட பழைய டிராக்டர் ஒன்றை அண்ணன் வாங்கினார். சமதளத்தில் உழுவதற்கென்று செய்யப்பட்ட அந்த வண்டியின் எடை சுமார் 1,750 கிலோ. உந்துவிசையும் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. அது பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தது என்பதையும், அதன் மேல் எனக்குக் குறையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"தம்பி, வண்டி லேசா இருக்கிறதுதான் கோளாறு. அறுபது குதிரைத்திறன்ல கனமான வண்டியா எடுத்துட்டா அசையாது," என்று அண்ணன் அன்றிரவே சொன்னார். கனம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் கனம் மட்டுமே போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இங்கே துவாஸில் ஒரு கிடங்கில் பல ஆண்டுகளாக, சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுநர்களை மேற்பார்வை செய்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் நான்கு சக்கரங்களில் நிற்பதுபோல் தோன்றினாலும், திரும்பும் சக்கரங்கள் உள்ள அச்சு நடுவில் ஒரே ஆணியில் ஊசலாடுவதால், உண்மையில் அது ஒரு முக்கோணத்தின் மேல்தான் நிற்கிறது. எடையின் மையம் அந்த முக்கோணத்துக்கு வெளியே போனால், எத்தனை டன் வண்டியாக இருந்தாலும் சாய்ந்துவிடும். டிராக்டரின் முன் அச்சும் அதேபோல் நடு ஆணியில் ஆடுவதுதான். ஆகவே பக்கவாட்டில் கவிழாமல் காப்பது கனம் அல்ல. பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலமும், அந்தக் கனம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதும்தான். உயரமான, குறுகலான கனவண்டி, தாழ்வான, அகலமான இலகு வண்டியைவிட எளிதில் உருளும்.

சறுக்கல் வேறு விஷயம் என்பதால் அதைத் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலி டிரெய்லர் ஒரு டன், மேலே தார் இரண்டு டன். ஆக மூன்று டன். 10 பாகைச் சரிவில் அது டிராக்டரைப் பின்னாலிருந்து ஏறக்குறைய 520 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். டிராக்டரும் தன் எடையால் 300 கிலோ அளவுக்குக் கீழே இழுபடும். டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. பழைய வண்டியின் பின்சக்கரங்களில் இறங்கும் எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். மழையில் நனைந்த செம்மண்ணில் டயரின் பிடிப்பு அந்த எடையில் பத்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 420 கிலோ. தேவையோ 820 கிலோ. கியரைக் குறைத்து இன்ஜினால் தடுத்தாலும் அந்தத் தடையும் அதே டயர் வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டும். அண்ணன் ஓட்டியதில் தவறில்லை. அன்று அந்தச் சுமையோடு அந்த வண்டி நிற்கவே வழியில்லை. இதை நான் தாளில் எழுதி அனுப்பியபோது, அவர் வெகுநேரம் பதில் எழுதவில்லை. வண்டியைத் தன் கை தவறவிட்டுவிட்டது என்றே அதுவரை அவர் மருகிக்கொண்டிருந்தார் என்று அண்ணி பிறகு சொன்னார்.

அறுபது வேண்டாம், ஐம்பது போதும். ஆனால் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியாக இருக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தோம். எடை 2,350 கிலோ. முன் அச்சை இணைத்துவிட்டால், பின்சக்கரத்தில் போடும் பிரேக் பற்சக்கரங்களின் வழியாக முன்சக்கரத்தையும் பிடிக்கும். இறக்கத்தில் எனக்குப் பெரிதாகப்பட்டது இழுவை அல்ல, இதுதான். விலை ஒன்பது லட்சம் ரூபாயைத் தாண்டியது, என் பங்கு ஏறக்குறைய ஏழாயிரம் சிங்கப்பூர் வெள்ளி. இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரும்பு வளைவும் இடுப்புப் பட்டையும் இல்லாமல் வண்டி மலையேறக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்வீடனில் 1959ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்கு அந்த வளைவைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிப் பின்புறமாகக் கவிழும் வண்டி ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் தலைகீழாகிவிடும். குதித்துவிடலாம் என்பது நடக்காத காரியம். பட்டை போடாமல் வளைவை மட்டும் வைத்திருந்தால், ஓட்டுபவர் வெளியே வீசப்பட்டு அந்த வளைவுக்கு அடியிலேயே சிக்கக்கூடும்.

பொங்கல் விடுப்பில் ஊருக்குப் போனபோது, பின்டயர்களுக்குத் தண்ணீர் ஏற்றும் வேலையை நானும் அண்ணன் மகனும் செய்தோம். ஜாக்கியில் அச்சைத் தூக்கி, வால்வு உச்சியில் வரும்படி சக்கரத்தைச் சுழற்றி நிறுத்திவிட்டு, சிறு குழாயை மாட்டித் தண்ணீர் விட வேண்டும். நடுநடுவே குழாயைக் கழற்றி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் வால்வு மட்டத்தைத் தொடும்போது டயரின் முக்கால் பங்கு நிறைந்திருக்கும், மீதிக்குக் காற்று. முழுதாக நிரப்பினால் டயர் விறைத்து, மேடுபள்ளத்தில் அமுங்கிக்கொடுக்காது. ஒரு டயருக்குச் சுமார் 200 லிட்டர், இரண்டுக்கும் சேர்த்து 400 கிலோ, அதுவும் தரையை ஒட்டி. கனம் கூடிய அதே வேளையில் எடையின் மையம் கீழே இறங்கியது. பின்சக்கரத் தட்டுகளைத் திருப்பி மாட்டி இடைவெளியையும் கூட்டினோம். ஆனால் கல்கட்டுகளுக்கு நடுவிலுள்ள எங்கள் தடம் ஏழடிதான் என்பதால், முழு அகலத்துக்குப் போக முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு கணக்கை மறுபடி போட்டேன். தண்ணீரோடு 2,750 கிலோ, நான்கு சக்கரப் பிடிப்பு, அதே ஈரமண்: கிடைப்பது சுமார் 1,080 கிலோ. மூன்று டன் டிரெய்லரோடு தேவைப்படுவது ஏறக்குறைய ஆயிரம். பாதையில் ஒரு கல் உருண்டாலோ, ஓர் இடத்தில் சரிவு 12 பாகையானாலோ இந்த மிச்சம் கரைந்துவிடும். டிரெய்லரை இரண்டு டன்னாகக் குறைத்தால் தேவை 825 ஆகிறது. பழைய வண்டியைவிடப் புதிய வண்டியில் குறைவாக ஏற்ற வேண்டும் என்று சொன்னபோது, இவ்வளவு பணம் போட்டது எதற்கு என்று அண்ணன் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. மழைநாளில் மட்டும் குறைப்போம், காய்ந்த மண்ணில் பழைய சுமையே ஏற்றலாம் என்று பேசி இணங்கினோம். இழுவைக் கொக்கியை எக்காரணத்துக்கும் மேலே மாற்றி மாட்டுவதில்லை, இறக்கத்தில் கிளட்சை மிதிப்பதில்லை, இடது வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துக் கட்டிய கொண்டியை டிரெய்லரோடு போகும்போது கழற்றுவதில்லை என்ற மூன்றையும் அவர் நான் சொல்வதற்கு முன்பே கடைப்பிடித்து வந்தவர்.

கனத்துக்கு நிலம் கொடுக்கும் விலையும் உண்டு. ஈரத்தில் கன வண்டி ஓடிய தடத்தில் மண் இறுகி, காபிச் செடியின் மேல்வேர்கள் மூச்சுத்திணறும். தண்ணீர் உள்ளே இறங்காமல் தடத்தின் வழியே ஓடி மண்ணை அரிக்கும். அதனால் புதிய வண்டி செடி வரிசைகளுக்குள் நுழைவதில்லை. தடத்தில் மட்டும் ஓடுகிறது. தடம் வரைக்கும் தாரைத் தோளில் கொண்டுவருகிறார்கள். இது கூடுதல் கூலிதான்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள், அண்ணன் மகன் டிரெய்லரின் பக்கப் பலகையில் உட்புறமாக, பாதி உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தான். மழை பெய்த நாளில் தார் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. சென்ற வாரம் கோடை மழை பெய்திருக்கிறது. அண்ணன் அனுப்பிய படத்தில் தார்க்குவியலுக்கு மேலே அந்தக் கோடு முழு நீளத்துக்கும் தெரிந்தது.